ஒத்தியும் அடகும்

அன்புள்ள ஐயா,

பொள்ளாச்சியில் என் மாமாவின் பத்திர எழுத்தர் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். அம்மா பாலக்காட்டுக்காரர், அதனால் மலையாளம் வாசிக்கத் தெரியும். நான் மொழிபெயர்த்த ஆறு மலையாளச் சிறுகதைகளை ஒரு பதிப்பகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. பின்னட்டைக்கு என்னைப் பற்றி நான்கு வரி கேட்கிறார்கள். அவர்களுடைய மற்ற நூல்களைப் புரட்டினேன். பேராசிரியர், ஓவியர், ஆவணப்பட இயக்குநர், வெளிநாட்டில் ஆய்வு செய்பவர் என்று இருக்கிறது. நான் "மொழிபெயர்ப்பாளர், வாசகி" என்று மட்டும் எழுதி அனுப்பலாம் என்றிருக்கிறேன். சரிதானா? மொழிபெயர்ப்புக்குப் பட்டயப் படிப்பு அவசியமா? எந்த அகராதி நல்லது? வேலையை விட்டால்தான் இதில் முழுதாக இறங்க முடியும் என்கிறாள் தோழி.

எஸ்., பொள்ளாச்சி

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். வேலையை விடாதீர்கள். உங்கள் வீட்டு மளிகைக் கணக்கைத் தோழி ஏற்றுக்கொள்வதாக இருந்தால் மறுபடி பேசலாம். க.நா.சு. எழுத்தை நம்பியே வாழ்ந்தாரே என்பீர்கள். வாழ்ந்தார், அதற்கு அவருடைய பிடிவாதமும் வேண்டும். பட்டயப் படிப்பு படித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. அகராதிக்குத் தமிழ் லெக்சிகன் இருக்கிறது. தூசி தட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த "மொழிபெயர்ப்பாளர், வாசகி"! இதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? ஒன்பது வருடத்தில் எத்தனை கிரயம், எத்தனை பாகப்பிரிவினை, எத்தனை செட்டில்மெண்ட் உங்கள் கை வழியாகப் போயிருக்கும்! அண்ணன் தம்பிகள் கிணற்றில் பாதி, தென்னையில் பாதி என்று பிரித்துக்கொண்டதை எழுதிய கை அது. அதை மறைத்துவிட்டு வாசகியாம். புத்தகம் வாங்குகிறவர் எல்லோரும் வாசகர்தான் அம்மா.

நானும் இதே காரியத்தைச் செய்தவன். அதனால்தான் இவ்வளவு கோபம். முதல் புத்தகம் வந்தபோது ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். காலையில் மீன் கூடை, மாலையில் மல்லிகைப்பூ, நடுவில் மாற்றலாகிப் போகிறவர்களின் சைக்கிள்கள். பின்னட்டையில் என்னைப் பற்றி நானே எழுதிக் கொடுத்தது: "பயணங்களில் பெருவிருப்பம் கொண்டவர்." பயணம் போனதெல்லாம் பார்சல்கள். பதினோரு வருடம் நான் அந்த எடைமேடையை விட்டு நகரவில்லை.

அந்த நாட்களில் ஒரு மலையாளச் சிறுகதையை மொழிபெயர்த்தேன். ஒரு குடும்பம் கடனுக்காகத் தன் வயலை "ஒற்றி" கொடுக்கிறது. நான் "அடகு" என்று எழுதினேன். வளையலை அடகு வைப்பதுபோல வயலையும் வைத்திருப்பார்கள் என்று நினைப்பு. இரண்டு பக்கம் தாண்டியதும் கடன் கொடுத்தவர் வந்து நெல்லை அறுக்கிறார். வீட்டார் வரப்பில் நின்று பார்க்கிறார்கள். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குப் பிடிபடவில்லை. தங்கள் வயலில் வேறொருவர் இறங்கி அறுக்கும்போது ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும்? மூல ஆசிரியர் எதையோ சொல்லாமல் விட்டுவிட்டார் என்று முடிவுகட்டி, நானாக "அடியாட்களுடன்" என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். இப்போது எல்லாம் பொருந்தியது. இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

கதை வெளியான மூன்றாம் வாரம் செங்கோட்டையிலிருந்து ஒரு போஸ்ட்கார்டு. எழுதியவர் பத்திர எழுத்தர். "மேற்படி கதையில் கண்ட மேற்படி வயலானது" என்றே தொடங்கியிருந்தார். ஒற்றி, அதாவது நம் ஒத்தி என்றால் அனுபோகம் கடன் கொடுத்தவருக்குப் போய்விடும். விளைச்சல் வட்டிக்கு ஈடு. அசல் திரும்பும்வரை அவரே உழுவார், அவரே அறுப்பார். வெறும் அடமானம் என்றால் நிலம் கடன் வாங்கியவர் கையிலேயே இருக்கும். இதையெல்லாம் பொடி எழுத்தில் விளக்கிவிட்டு, "ஆகவே அறுத்தவர் பேரில் குற்றமில்லை. அடியாட்களை நீக்கவும்" என்று முடித்திருந்தார்.

கதையின் துக்கமே அதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. அதில் அநியாயக்காரர் யாரும் இல்லை. தான் நட்ட வயலில் இன்னொருவர் நியாயப்படி அறுப்பதை நின்று பார்க்கவேண்டும். நான் ஒரு கண்ணியமான மனிதரை ரவுடியாக்கி, அந்த மௌனத்தையும் கெடுத்துவிட்டேன். இத்தனைக்கும் நான் தினமும் நடந்துபோன தெருவில் "வீடு ஒத்திக்கு விடப்படும்" என்று பலகை தொங்கியது. உங்கள் ஊரில் அதைப் போக்கியம் என்பார்கள். லெக்சிகனிலும் ஒற்றி இருக்கிறது. ஆனால் சந்தேகம் வந்தவன்தானே அகராதியைத் திறப்பான்?

அந்தக் கார்டு வெகுநாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. உங்கள் கடிதத்தில் "பத்திர எழுத்தர்" என்ற சொல்லைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

வேலைக்கும் எழுத்துக்கும் சம்பந்தம் உண்டா என்பது பழைய பட்டிமன்றம். மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார் தோப்பில் முகமது மீரான். மிளகாய் விற்ற எல்லோரும் நாவல் எழுதவில்லை. ஆனால் மலையாள நாவலாசிரியர் தகழியின் 'செம்மீன்' தமிழுக்கு வந்த வழியைப் பாருங்கள். எழுதியவர் அம்பலப்புழையில் வக்கீல் தொழில் செய்தவர். தமிழாக்கிய சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்தியவர். நாள் முழுக்க வாடிக்கையாளர் பேச்சைக் கேட்கும் காது அது. எழுத்தாளர் பாவண்ணன் தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் போனவர். வேலை போன இடத்தில் மொழி கிடைத்தது. பைரப்பாவின் கன்னட நாவல் 'பருவம்' நமக்குக் கிடைத்தது.

பின்னட்டையில் ஓவியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரண்டிருக்கிறீர்கள். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் சேலைக்கும் துணிக்கும் வடிவமைப்பு செய்த மனிதர். மதுரையை அத்தனை நுணுக்கமாக மையில் வரைந்த மனோகர் தேவதாஸ் படித்தது வேதியியல். கண்பார்வை குறுகிக்கொண்டே வந்தபோதும் வரைந்தார். அவரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே வேண்டாம்.

உங்களிடம் நான் சொல்லவந்தது பத்திரச் சொற்களைப் பற்றி. மாவடை மரவடை, நான்கெல்லை, வில்லங்கம், விடுதலை. இவற்றை நான் போஸ்ட்கார்டு வாங்கித் தெரிந்துகொள்ளவேண்டும். உங்களுக்கு இவை காலை பத்து மணிக்கு மேஜைமேல் வந்து உட்கார்கின்றன. மலையாளத்தில் கிரயப் பத்திரத்தைத் தீறாதாரம் என்பார்கள். ஆதாரம் என்றாலே அங்கே பத்திரம்தான். தமிழில் "அவர் ஆதாரம் எழுதினார்" என்று அச்சாகியிருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் மாமாவின் அலுவலகத்தில் டீ வாங்கிவரும் பையன்கூட அந்தத் தவறைச் செய்யமாட்டான்.

பின்னட்டைக்கு நான்கு வரி கேட்டார்கள் அல்லவா? முதல் வரியில் மாமாவின் அலுவலகம் இருக்கட்டும். மற்ற மூன்றில் என்ன வேண்டுமானாலும் போடுங்கள், பயணத்தில் விருப்பம் என்பதைத் தவிர.

இப்போது என் வேலை. நான் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் கதையில் கணவனும் மனைவியும் பிரிகிறபோது "ஒழிமுறி" எழுதிக்கொள்கிறார்கள். விவாகரத்துப் பத்திரம் என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. நிலத்தை விட்டுக்கொடுக்கும்போதும் அவர்கள் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். கதாசிரியர் அதைத் தெரிந்தே வைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது. உரிமையை விட்டுக்கொடுக்க நாம் எழுதும் விடுதலைப் பத்திரம் இங்கே தாங்குமா? மாமாவைக் கேட்டு எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் முடிந்தால் நல்லது, பதிப்பாளர் நெருக்குகிறார்.