அறுந்த நரம்பும் வளர்ச்சிக் காரணிகளும்: கேள்வி பதில்

புற நரம்புக் காயம், அதாவது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே ஓடும் நரம்பில் பட்ட காயம் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பவர்களைச் சிங்கப்பூர் வட்டாரப் பெயரால் குறித்திருக்கிறேன், பெயர் போடாத பத்தி என் பதில். இன்றோ நேற்றோ வெட்டுப்பட்டு விரல் மரத்துப்போனவர் இங்கே தட்டச்சு செய்துகொண்டிருக்க வேண்டாம், நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரைப் பெயர் சொல்ல மாட்டேன்.

தேக்கா சந்தையில் மீன் வெட்டுபவர்: அண்ணே, கத்தி வழுக்கி மணிக்கட்டுல மீடியன் நரம்பு அறுந்துபோச்சு. அன்னைக்கே தச்சுட்டாங்க. அஞ்சு வாரமாச்சு, ஆள்காட்டி விரல் கட்டையாட்டம் கிடக்கு. தையல் விட்டுப்போச்சா?

தையல் நரம்பின் உறையைத்தான் சேர்க்கும், உள்ளே இருக்கும் இழைகளை ஒட்டாது. வெட்டுக்குக் கீழே இருந்த ஆக்ஸான்கள், அதாவது அந்த இழைகள் எல்லாம் சில நாளில் சிதைந்துபோயிருக்கும். 1850இல் அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்பை அறுத்துப் பார்த்து எழுதியது இதைத்தான். நல்ல வேளையாக, இழைகளைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் சாவதில்லை. இழைக்கு மயலின் என்னும் கொழுப்பு உறையைச் சுற்றும் வேலையை விட்டுவிட்டு, கழிவை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களோடு சேர்ந்து பழைய மயலினைத் துப்புரவு செய்கின்றன. பிறகு நீளவாக்கில் வரிசை கட்டி நிற்கின்றன. பியூங்னர் பட்டை என்பது அந்த வரிசை. என்.ஜி.எஃப்., பி.டி.என்.எஃப்., ஜி.டி.என்.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகளை, அதாவது நரம்பை வளரத் தூண்டும் புரதங்களை, அவை சுரக்கும். மேல்முனையில் முளைக்கும் புது இழை அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.

வேகம் நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். தையலைத் தாண்டவே சில வாரம் போகும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 17, 18 சென்டிமீட்டர் என்றால் ஆறேழு மாதக் கணக்கு. ஐந்தாம் வாரத்தில் மரத்திருப்பது தோல்வி இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விரல் பக்கத்திலிருந்து தழும்பை நோக்கி நரம்பின் தடத்தில் லேசாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். சுரீரென்று விரலுக்கு ஓடும் இடத்தைப் பேனாவால் குறித்து, தழும்பிலிருந்து அளந்து எழுதி வையுங்கள். 1915இல் டினெல் என்னும் மருத்துவர் விவரித்த குறி இது. அந்த இடம் கீழே நகர்ந்துகொண்டே போக வேண்டும். மூன்று மாதமாகியும் தழும்பிலேயே நின்று, தொட்டாலே வலித்தால் வழி தவறிய இழைகள் சுருண்ட நியூரோமா முடிச்சாக இருக்கலாம். தைத்த மருத்துவரிடம் திரும்பப் போங்கள். இடையில் கொதிநீரும் ஐஸ்கட்டியும் அந்த விரலுக்குத் தெரியாது. மற்றக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் எதையும் எடுக்க வேண்டும்.

பிடோக்: பி12 மாத்திரையில எது நல்லது?

இரத்தத்தில் பி12 குறைவா என்று பலதுறை மருந்தகத்தில் பாருங்கள். குறைவில்லாதவருக்கு, அறுந்த நரம்பை அது இழுத்து வளர்க்காது.

உட்லண்ட்ஸ்: கை மரத்துப்போன மறுநாளே நரம்புக் கடத்தல் பரிசோதனை எடுத்தோம். முழங்கையிலதான் அடி. மணிக்கட்டுல மின்சாரம் கொடுத்தப்போ விரல் நல்லாவே துடிச்சுது. அப்போ நரம்பு அறுபடலைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. அறுந்தாலும் கீழ்த்துண்டு உடனே சாவதில்லை. தசையை ஆட்டும் இயக்க இழைகள் ஏறக்குறைய ஒரு வாரமும், உணர்ச்சி இழைகள் பத்து நாள் வரையும் மின்சாரத்தைக் கடத்தும். தசையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனையில் நரம்பிழந்ததற்கான துடிப்புகள் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். மூன்று, நான்கு வாரம் கழித்து மறுபடி எடுங்கள்.

ஈசூன், தொடக்கக் கல்லூரி மாணவர்: சார், என்.ஜி.எஃப். கண்டுபிடிச்சதுக்கு 1986ல நோபல் பரிசே கொடுத்தாங்க. பேரே நரம்பு வளர்ச்சிக் காரணி. ஊசியாப் போட்டா என்ன?

பெயரை நம்பாதே தம்பி. அந்தப் பரிசை வாங்கிய லெவி-மொண்டால்சினியும் கோகனும் அதன் வேலையைப் பார்த்தது கோழிக்கருவின் உணர்ச்சி நரம்பணுக்களிலும், வியர்வை போன்ற தானியங்கு வேலைகளைப் பார்க்கும் சிம்பதெட்டிக் நரம்பணுக்களிலும். நரம்பணுவின் மேல் அது ஒட்டும் புரதம், அதாவது ஏற்பி, ட்ரக்-ஏ. வளர்ந்த உடலில் அந்த ஏற்பி பெரும்பாலும் வலியைச் சொல்லும் மெல்லிய இழைகளில் இருக்கிறது. தசையை ஆட்டும் இயக்க நரம்பணுவுக்கு அது கிடையாது. ட்ரக்-ஏ பழுதாகிப் பிறப்பவருக்கு வலியும் தெரியாது, வியர்வையும் வராது.

ஊசியும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. நீரிழிவு நரம்புப் பாதிப்பு உள்ள ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2000இல் வந்தது. பயன் தெரியவில்லை, ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிச்சம். அதே காரணி கண் சொட்டுமருந்தாக, நரம்பு கெட்ட கருவிழிக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கருவிழி முழுக்க அந்த வகை இழைதான், மருந்தும் நேராக அங்கேயே விழுகிறது.

அதே மாணவர்: அப்போ இயக்க நரம்புக்கு ஜி.டி.என்.எஃப். இருக்கே! அதை வெட்டுப்பட்ட இடத்துல நிறையக் கொட்டினா?

எலியில் கொட்டிப் பார்த்தார்கள். இழைகள் ஓடி வந்தன, அங்கேயே சுருண்டு நின்றுவிட்டன. தீபாவளிச் சந்தைக்குள் நுழைந்த பிள்ளை முதல் முறுக்குக் கடையை விட்டு நகராத கதை. தசைவரை போய்ச் சேரவில்லை.

செங்காங், ஆய்வுக்கூடத்தில் வேலை: இது பாதிக் கதை. மரபணுவுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, டாக்சிசைக்ளின் என்னும் மருந்தைக் கொடுக்கும்போது மட்டும் ஜி.டி.என்.எஃப். சுரக்கச் செய்து, பிறகு நிறுத்திய எலிகளில் இழைகள் கீழே போயின. காரணியைக் குறை சொல்லாதீர்கள், நிறுத்தாமல் விட்டதைச் சொல்லுங்கள்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எலியின் கால் சில சென்டிமீட்டர். மனிதக் கைக்கு எந்த வாரத்தில் திறந்து எந்த வாரத்தில் மூடுவது? நீங்கள் சொல்லும் சுவிட்ச் இன்னும் மனிதச் சிகிச்சையாகவில்லை. அதைவிட எளிய வழி எனக்குப் பிடித்திருக்கிறது: அறுவை முடிந்ததும் மேல்முனைக்கு நொடிக்கு 20 துடிப்பு வீதம் ஒரு மணி நேரம் மின்தூண்டல். நரம்பணு தானே பி.டி.என்.எஃப். உற்பத்தியைக் கூட்டிக்கொள்கிறது. மணிக்கட்டுச் சுரங்கத்தில் நசுங்கிய நரம்பை விடுவிக்கும் அறுவை செய்துகொண்டவர்களிடமும் சோதித்திருக்கிறார்கள்.

செங்காங்: அதுவும் எல்லா மருத்துவமனையிலும் செய்வதில்லையே?

இல்லைதான். சுவிட்சை விட நடைமுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றேன், அவ்வளவுதான்.

ஜூரோங் வெஸ்ட்: நரம்புக்கு பி12 போதுமா, பி6 சேர்த்து எடுக்கணுமா?

மேலே பிடோக்கிற்குச் சொன்னதைப் படியுங்கள். பி6 அதிக அளவில் நாள்பட எடுத்தால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுக்கும். இரண்டு மூன்று கூட்டுமாத்திரை ஒன்றாக விழுங்குபவர்கள் அட்டைகளின் பின்பக்கத்தில் போட்டிருக்கும் பி6 அளவுகளைக் கூட்டிப் பாருங்கள்.

தோ பாயோ: டிஸ்க் விலகி முதுகுத்தண்டு அழுத்தம். எப்ப வளரும்?

தண்டுவடம் வேறு கதை, அங்கே ஷ்வான் செல் இல்லை. முதுகெலும்பு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஜொகூரிலிருந்து தினமும் வேலைக்கு வருபவரின் அண்ணன்: மோட்டார் சைக்கிள்ல விழுந்து தம்பிக்குத் தோள் நரம்பு போச்சு. நாலு மாசமா முழங்கை மடங்கலை, விரல் மட்டும் அசையுது. ஒரு வருஷம் பொறுங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க.

பொறுக்காதீர்கள். நரம்பில்லாமல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் கிடந்த தசை, பிறகு நரம்பு வந்தாலும் ஏற்காது. ஷ்வான் செல்லும் காத்திருக்காது. முதல் வாரங்களில் ஏறும் ஜி.டி.என்.எஃப். சுரப்பு மாதங்கள் போகப்போக வற்றிவிடும். தோள் நரம்பு கிளம்பும் கழுத்திலிருந்து, முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசை ஓர் அடிக்குக் கிட்ட வரும். ஒரு வருடம் கழித்துத் தைத்தால் இழை போய்ச் சேர்வதற்குள் வாங்கிக்கொள்ளத் தசை இருக்காது. தானாகத் திரும்பும் அறிகுறி இல்லையென்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை என்பதே வழக்கம். விரல் அசைவதால் ஓபர்லின் முறை பொருந்துமா என்று கேளுங்கள்: கைவிரல்களுக்குப் போகும் அல்னார் நரம்பில் ஒரு கற்றையைப் பிரித்துப் பைசெப்ஸுக்குப் போகும் நரம்புக் கிளையோடு தைப்பது. வளர வேண்டிய தூரம் சில சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். இந்த வாரமே நாள் வாங்குங்கள்.

பொங்கோல்: மெத்தில்கோபாலமின்...

அதுவும் பி12தான். மேலே சொல்லியாயிற்று, இரண்டு தடவை.

தேக்கா: அண்ணே, அந்தப் பேனாக் குறியை வாரா வாரம் வைக்கவா?

மாதம் ஒருமுறை. வாரத்துக்கு 7 மில்லிமீட்டர்தான் நகரும். நீங்கள் தட்டும் விரலின் அகலமே அதைவிடப் பெரிது.