மீனை நிறுத்தினால் கரப்பான் நிற்காது

கேள்வி: என் மகளுக்கு மூன்று வயது. முழங்கை மடிப்பிலும் முழங்காலின் பின்பக்கமும் தோல் வறண்டு தடித்துப் போய்க் கிடக்கிறது. இரவில் சொறிந்து சொறிந்து நித்திரையே இல்லை. கிரந்தி என்று சொல்லி மாமி மீன், முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம். முன்பு இவற்றைச் சாப்பிட்டு அவளுக்கு ஒன்றும் ஆனதில்லை. மருந்துக்கடையில் தந்த ரியூப்பைப் பூசினால் மாறுகிறது, விட்டால் திரும்ப வருகிறது. பூசிய இடமும் கறுக்கிறது. என்ன செய்வது?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பது எக்சிமா போலத்தான் இருக்கிறது. நம் ஊரில் கரப்பான் என்போம். கிரந்தி என்று மாமி நினைப்பது போல இது இரத்தம் கெட்டு வருவதல்ல, தொற்றுவதும் அல்ல. தோலுக்குள் ஈரம் தங்காததுதான் இதன் அடிப்படை. கட்டு கசிகிற குளம் மாதிரி. எவ்வளவு மழை பெய்தாலும் நிற்காது, கட்டை அடைத்தால்தான் நிற்கும்.

அந்தக் கட்டை அடைப்பது பூச்சுத்தான். வாசனை இல்லாத வாசலின் போதும், விலை கூடிய கிறீம் தேவையில்லை. ஆனால் தாராளமாகப் பூச வேண்டும். உடம்பு முழுவதும் பூசினால் ஒரு கிழமைக்கு 250 கிராம் முடியும். சிறிய போத்தல் இரண்டு மாதம் வருகிறதென்றால் நீங்கள் பூசுவது காணாது என்று அர்த்தம். குளித்ததும் துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய முன்னரே மயிர் படிந்திருக்கும் திசையில் பூசுங்கள். பகலில் வியர்வைக்கு வாசலின் பிசுபிசுத்தால், பகலுக்கு வாசனையில்லாத கிறீம், இரவுக்கு வாசலின் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனம்: பிசுக்கு ஊறிய உடுப்பும் விரிப்பும் நெருப்புப் பட்டால் சட்டென்று பற்றும். குப்பி விளக்கும் நுளம்புத்திரியும் பிள்ளையின் படுக்கைக்குக் கிட்ட வேண்டாம்.

குளிப்பு ஐந்து, பத்து நிமிடம் போதும். தண்ணீர் இளஞ்சூடாக இருக்கட்டும், சுடக்கூடாது. கேத்தலில் வெள்ளையாகப் படிகிற கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் இலேசில் கழுவுப்படாது, தோலிலேயே தங்கி எரிச்சல் தரும். ஆகவே வாசனைச் சவர்க்காரத்தை விட்டுவிடுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் வெளியில் விளையாடிவிட்டு வந்தால், புழுதியைக் கழுவி உடனே பூசுங்கள். பருத்திச் சட்டை போடுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

இனிச் சாப்பாடு. உண்மையில் எனக்கு மனம் நொந்த இடம் இதுதான். வளர்கிற பிள்ளைக்கு மூன்று மாதம் மீனும் முட்டையும் இல்லை! கரப்பானும் குறையவில்லையே. உணவு ஒவ்வாமை என்றால் பெரும்பாலும் சாப்பிட்டுச் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் உடம்பு தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். உங்கள் மகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. கொஞ்சமாகத் தொடங்கித் திரும்பக் கொடுங்கள். மேலே சொன்ன அறிகுறி கண்டால் மட்டும் நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியில் நிறைக் கோடு எப்படிப் போகிறதென்றும் பாருங்கள்.

அந்த ரியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். கடையில் கேட்டு வாங்குகிற கலவை மருந்துகளில் பிள்ளைக்கு ஒத்துவராத கடும் ஸ்டீரொயிட் (தோலின் அழற்சியை அடக்கும் மருந்து) இருக்கலாம். அதற்காக ஸ்டீரொயிட் என்றாலே பயப்படவும் வேண்டாம். வைத்தியர் வயதுக்கும் இடத்துக்கும் பார்த்துத் தருவதை, சொன்ன நாள் வரை பூசினால் நல்ல மருந்து. உங்கள் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை அந்த மருந்தைப் பிதுக்கினால், அது பெரியவரின் விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். கறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலும் அது புண் ஆறிய அடையாளம், மருந்து கறுப்பாக்கியதல்ல. சில மாதங்களில் மங்கும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் கடி (அரிப்பு) இருந்தால், விரல் இடுக்கில் பரு இருந்தால், அது சிரங்காக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு, எல்லோரும் ஒன்றாகச் செய்ய வேண்டும். மஞ்சள் பொருக்குக் கட்டினாலோ சீழ் வடிந்தாலோ தாமதிக்காமல் காட்டுங்கள். காய்ச்சலோடு சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாக வந்து நொந்தால் விடியும் வரை காத்திராமல் அந்த இரவே கொண்டு போங்கள்.

அப்புறம், மாமியைக் குறை சொல்லாதீர்கள். பேத்தி படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் பத்தியம் பிடித்திருக்கிறார். இரவுப் பூச்சை அவரிடமே கொடுங்கள். அவர் தடவினால் பிள்ளை அசையாமல் இருப்பாள்.