பழைய ஜன்னல் கீல்கள்: கேட்டதும் சொன்னதும்

காரைக்குடியில் தாத்தா வீடு. ஜன்னல் கீல்கள் மேல் ஏழெட்டு பூச்சு பெயிண்ட். பித்தளையா இரும்பா என்றே தெரியவில்லை, ஐயா.

காந்தத்தை வையுங்கள். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பித்தளை. ஒட்டினால் இரும்பு, அல்லது பித்தளை முலாம் பூசிய இரும்பு. பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், நம் நாட்டில் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்ற வரம்பு 2017-இல்தான் அமலுக்கு வந்தது. கீலைக் கழற்றி, வீட்டில் சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய பாத்திரத்தில் வெந்நீரில் ஊறப்போட்டால் பெயிண்ட் தோலாக உரியும்.

ஜன்னல் கதவு தொங்கி, கீழ்ச்சட்டத்தில் உரசுகிறது. ஆசாரி எல்லாக் கீலையும் மாற்றச் சொல்கிறார்.

அவசரப்படாதீர்கள். கதவைப் பாதி திறந்து, கீல் இல்லாத பக்கத்துக் கீழ்மூலையைக் கையால் லேசாகத் தூக்குங்கள். பார்வை மட்டும் மேல் கீலில் இருக்கட்டும், கதவின் இழுப்பெல்லாம் அங்கேதான் விழுகிறது. தகடு மரத்தை விட்டு அசைந்தால் கீல் நன்றாகத்தான் இருக்கிறது, திருகாணி ஓட்டைதான் பெருத்துவிட்டது. தகடு அசையாமல் நடு ஊசி மட்டும் ஆடினால்தான் கீல் தேய்ந்திருக்கிறது. என்னிடம் வருவதில் பெரும்பகுதி முதல் வகை.

ஓட்டையில் தீக்குச்சி திணிப்பது ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். ஓட்டையை 8 மி.மீ. டிரில் போட்டுச் சுத்தமாக்கி, தேக்குக் குச்சி சீவி, பசை தடவி அடித்து இறக்குங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் முதலில் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். ஒரு ராத்திரி காயவிட்டு, மெல்லிய துளை போட்டு, அப்புறம் திருகாணி.

திருகாணி அசையவே மாட்டேன் என்கிறது. தலையும் வழுக்குகிறது.

பள்ளத்தில் பெயிண்ட் அடைத்திருக்கும். உடைந்த ஆக்ஸா பிளேடு நுனியால் அதைச் சுரண்டி எடுங்கள். பள்ளம் முழுக்க நிறைகிற அகலத்தில் திருப்புளி வேண்டும், சின்னதை வைத்தால் தலை போய்விடும். திருப்புளியை வைத்துப் பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டு. முதலில் ஒரு மயிரிழை இறுக்கும் பக்கம், பிறகு கழற்றும் பக்கம். அதற்கும் மசியாவிட்டால் சூடான சால்டரிங் அயர்னைத் தலையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அவசரப்பட்டு நான் கெடுத்த தலைகளை எண்ணினால் ஒரு தகர டப்பா நிறையும்.

நாகப்பட்டினம். பித்தளைக் கீலுக்கு இரும்புத் திருகாணி போட்டேன், ஒரு வருஷத்தில் துரு.

உப்புக் காற்றில் பித்தளையோடு சேர்ந்த இரும்புதான் முதலில் அரிக்கும். பித்தளைத் திருகாணியே போடுங்கள். ஆனால் அது மெத்தென்றது, முறுக்கினால் உடையும். அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஏற்றி இறக்கி வழி செய்துகொண்டு, பித்தளையின் மரையில் மெழுகுவத்தி தேய்த்து ஏற்றுங்கள்.

புதுச்சேரி வீடு. கதவைத் தூக்கினால் கையோடு வந்துவிட்டது! உடைந்துவிட்டதா?

இல்லை, அது தூக்கிக் கழற்றும் வகைக் கீல். ஊசி ஒரு தகட்டோடு நிற்கும், மற்றது அதன் மேல் உட்காரும். தொங்கினால் எல்லா ஊசியிலும் ஒரே கனத்தில் ஒரு பித்தளை வாஷர் போடுங்கள், கதவு அந்த அளவு உயர்ந்துவிடும். வாங்கும்போது இடப்பக்கக் கதவுக்கானதா, வலப்பக்கக் கதவுக்கானதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

கிறீச் சத்தத்துக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம், தூசி சேர்ந்து பிசுக்காகும். பென்சில் கரியைப் பொடித்து ஊசியில் தடவுங்கள்.