இரண்டு ராத்திரி ஒரே இடத்தில்

அக்காவுக்கு வணக்கம்.

நானும் கணவரும் புதுச்சேரி லாசுப்பேட்டையில் இருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருடம். டிசம்பர் 20 முதல் பதினெட்டு நாள் நியூசிலாந்தின் தென்தீவை வாடகைக் காரில் சுற்றி வரப்போகிறோம். ராத்திரி கூடாரத்தில் தங்கல். பதினாறு ஊர் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். "இவ்வளவு காசைக் கொட்டி, அங்கே போய்த் தரையில் படுக்கணுமா?" என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். நீங்களும் உங்கள் கணவரும் போய்வந்தவர்கள். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் அந்தப் பதினாறு ஊரை எட்டாகக் குறைத்துவிடுங்கள். ஓர் இடத்தில் கூடாரம் அடித்தால் இரண்டு ராத்திரியாவது அங்கேயே இருங்கள்.

நாங்களும் முதல் வாரம் உங்களைப் போலத்தான் ஓடினோம். காலையில் பனியில் நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டி டிக்கியில் போடுவது, நாள் முழுக்க ஓட்டுவது, சாயங்காலம் அதே ஈரத்தோடு பிரித்துக் கட்டுவது. வனாக்கா என்ற ஊரிலிருந்து மேற்குக் கரையில் இருக்கும் ஹாஸ்ட் சுமார் 140 கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் என்று மேப் சொல்லும். மலைப்பாதை, ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய பாலங்கள், வழியெல்லாம் அருவி. நாங்கள் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. தூறல் வேறு. மேற்குக் கரையில் சேண்ட்ஃபிளை என்று கடுகளவு பூச்சி உண்டு, கடித்தால் நாள் கணக்கில் அரிக்கும். கூடாரத்தின் கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதில் ஆரம்பித்த பேச்சு தடித்துப்போய், அன்று இரண்டு பேரும் பேசாமலே படுத்தோம். அவர் மேலும் தப்பில்லை, என் மேலும் தப்பில்லை. அத்தனையும் களைப்பு.

அப்புறம் வடக்கே ரொட்டோயிட்டி ஏரிக்கரையில், கெர் பே என்ற முகாமில், மூன்று ராத்திரி தங்கினோம். அங்கே மரப்பலகைத் துறை ஒன்று ஏரிக்குள் நீண்டிருக்கும். அதன் அடியில் விலாங்குகள், ஒவ்வொன்றும் முழங்கை தடிமன், தண்ணீர் கலங்காமல் மெல்ல நெளிந்துகொண்டு கிடக்கும். யாரும் பிடிப்பதில்லை. இரண்டாம் நாள் காலை கண் விழித்தபோது அவர் பக்கத்தில் இல்லை. எட்டிப் பார்த்தால், பலகையில் குப்புறப் படுத்து விலாங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீயோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். பேச வேண்டும் என்றே தோன்றவில்லை. ஹாஸ்டில் பேசாமல் கிடந்ததும் இதுவும் ஒன்றில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரே ராத்திரி தங்கியிருந்தால் அந்த நேரத்தில் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்திருப்போம்.

வண்டியைப் பற்றிப் பயம் வேண்டாம், நம் ஊர் போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் டிசம்பர் அங்கே கோடை விடுமுறை. பேர்போன முகாம்களை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். கண்ட இடத்தில் கூடாரம் போட்டால் அபராதம். டிசம்பர் 25 அன்று சட்டப்படியே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதனால் 24ஆம் தேதியே சாமான் வாங்கிவிடுங்கள். இன்னொன்று, மாமியார் கட்டிக் கொடுக்கும் பொடி, முறுக்கு, நீங்கள் கொண்டுபோகும் கூடாரம், மண் ஒட்டிய செருப்பு, எல்லாவற்றையும் விமான நிலையப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதமாகப் போய்விடும். செருப்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு போவது நல்லது.

ஊர்களைக் குறைத்தால் இரண்டு நாள் மிச்சமாகும். தென்தீவின் வடகோடியில் இருக்கும் பிக்டனிலிருந்து கப்பலேறி மூன்றரை மணி நேரத்தில் வடதீவிலுள்ள தலைநகர் வெலிங்டன் போய்விடலாம். அங்கே தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு வெண்கல மணி இருக்கிறது. முகைய்யதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று அதில் எழுதியிருக்கிறது. 1830களில் கொலென்சோ என்ற மிஷனரி பார்த்தபோது அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அது எந்தத் துறையிலிருந்து போன கப்பல் என்று இன்றுவரை உறுதியாகவில்லை. கடலூருக்குத் தெற்கே, பழைய துறைமுகமான பரங்கிப்பேட்டையில் முகைதீன் என்ற பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. அதை நினைக்க எனக்கு நெஞ்சு நிறையும். மணி இப்போது காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இனி மாமியார் விஷயம். கோபப்படாதீர்கள். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் உங்கள் ஊருக்கும் எங்கள் கடலூருக்கும் நடுவில்தான் கரை கடந்தது. திருப்பாப்புலியூரில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, ஒரு மாதம் தார்ப்பாய்க்குக் கீழேதான் படுத்தோம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன. தரையில் படுப்பது என்றதும் அந்த வயதுக்காரர்களுக்கு அந்த நாட்கள்தான் ஞாபகம் வரும். காற்றுக்குக் கயிற்றை எப்படி இழுத்துக் கட்ட வேண்டும் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.

கூடாரத்தை வாங்கிவிட்டீர்கள் அல்லவா? இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் ஒருதரம் கட்டிப் பாருங்கள். ஒரு பக்கக் கயிற்றை மாமியார் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா