படம் எடுத்து டாக்டர் பட்டம்: பிள்ளை சேர்த்து வைக்க வேண்டிய சான்றுகள்

ஆஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ ஆவணப்படம், நடனம், வடிவமைப்பு வழியாக முனைவர் பட்டம் செய்யப்போகிறேன் என்று பிள்ளை சொன்னதும், வீட்டில் எழும் முதல் கேள்வி: "படம் எடுத்தா டாக்டர் பட்டம் கொடுப்பாங்களா?" கொடுப்பார்கள். படைப்பும் அதை அலசும் எழுத்துப் பகுதியும் சேர்ந்ததுதான் அங்கே ஆய்வேடு. நீங்கள் கவலைப்பட வேண்டியது பட்டத்துக்குப் பிறகு வரும் வேலைக்கு. இந்தப் படைப்பு எப்படி ஆய்வாகிறது, அதனால் வெளியே என்ன மாறியது என்று தேர்வுக் குழு கேட்கும்போது கையில் காகிதம் இருக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கான பதிலை இன்னொன்றுக்குச் சொல்லித்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதல் கேள்விக்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழக்கமான வடிவம் உண்டு. அங்கு பல்கலைக்கழக ஆய்வுகளின் தரத்தை அளக்க நடந்த ஈஆர்ஏ தேசிய மதிப்பீட்டில் கலைப்படைப்பை மதிப்பாய்வுக்கு அனுப்பும்போது, கூடவே 2,000 எழுத்துகளுக்குள் ஓர் ஆய்வுக் குறிப்பு கேட்டார்கள். பின்னணி, பங்களிப்பு, முக்கியத்துவம் என்று அதில் மூன்று பகுதிகள். அதே வேலையை இங்கிலாந்தில் செய்யும் ஆர்இஎஃப் மதிப்பீட்டின் 2021 சுற்றில் இதற்கு இணையான குறிப்புக்கு 300 சொற்கள்தான்.

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி உங்கள் மகள் ஒரு படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "உப்பளப் பெண்களின் துயரத்தைச் சொல்லும் நெகிழ்ச்சியான படம்" என்று எழுதினால் அது போஸ்டர் வாசகம். "உச்சிவெயிலில் உப்புப் பாத்தி வீசும் கண்கூச்சத்தைப் பார்ப்பவரும் உணரும்படி காட்ட முடியுமா? வெளிச்சத்தைக் குறைக்காமல் எடுத்த நீண்ட காட்சிகளால் இதை முயன்றேன், முந்தைய படங்கள் ஒளியைச் சமன்செய்து இந்த அனுபவத்தை மறைத்துவிட்டன" என்று எழுதினால் கேள்வி, முறை, புதுமை மூன்றும் வந்துவிடும். விருது, விழாத் தேர்வு எல்லாம் முக்கியத்துவம் என்ற கடைசிப் பகுதிக்குப் போதும்.

இரண்டாவது கேள்வி, அதாவது தாக்கம், இன்னும் கடினம். ஆர்இஎஃப்-இல் பல்கலைக்கழகம் கடந்த தாக்கத்துக்கு 2014-இல் 20 சதவீத மதிப்பு இருந்தது, 2021-இல் அது 25 ஆனது. ஒவ்வொரு தாக்கக் கதையும் ஐந்து பக்கத்துக்குள் முடிய வேண்டும், உறுதிப்படுத்தும் சான்றுகள் பத்துக்கு மேல் கூடாது. எவ்வளவு பேரை எட்டியது, எவ்வளவு ஆழமாக மாற்றியது என்பதை வைத்து மதிப்பிட்டார்கள். மாணவராக இருக்கும்வரை இந்தக் கணக்கு நேரடியாக உங்கள் மகளைத் தொடாது. ஆனால் ஆசிரியர் வேலைக்கு எடுப்பவர்கள் இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள்.

யூடியூபில் எத்தனை பேர் பார்த்தார்கள், அரங்கில் எத்தனை நாற்காலி நிறைந்தது என்பது எட்டிய தூரத்தை மட்டும் சொல்லும். மாற்றத்தைக் காட்ட மிகவும் உதவுவது ஒரு நல்ல கடிதம். "படம் எங்கள் ஊழியர்களை வெகுவாகக் கவர்ந்தது, வாழ்த்துகள்" என்ற கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம், சான்றாக வைக்க முடியாது. "முன்பு எங்கள் மருத்துவ முகாமில் கண் பரிசோதனை இல்லை. இந்தப் படத்தைத் திரையிட்டுப் பேசிய பிறகு அதைச் சேர்த்தோம். இப்போது மாதம் ஒருமுறை நடக்கிறது" என்று நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் தேதி, பதவி, கையெழுத்துடன் வந்தால் அது சான்று. கடிதத்தை நீங்களே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டாதீர்கள். நான்கு கடிதங்கள் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். கேள்விகளை மட்டும் கொடுங்கள்: முன்பு என்ன இருந்தது, இப்போது என்ன இருக்கிறது, அதில் படத்தின் பங்கு என்ன, படம் இல்லாமலும் இது நடந்திருக்குமா? இதையும் மாற்றம் நடந்த ஒரு மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள். அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால் அடுத்து வருபவருக்கு எதுவும் தெரியாது.

மாற்றம் என்றால் "முன்பு" ஒன்று வேண்டும். திரையிடலுக்கு முன் மூன்றே கேள்விகள், முடிந்ததும் அதே மூன்று, ஆறு மாதம் கழித்து மறுபடியும். கடைசிச் சுற்றில் பாதிப்பேர் பதில் தரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, முதல் நாளே தொடர்புகொள்ள அனுமதி வாங்குங்கள்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. பார்வையாளரின் கருத்தை ஆய்வுத் தரவாகப் பயன்படுத்த, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். பொதுவாகப் பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். ஒப்புதலுக்கு முன் எடுத்த அருமையான பேட்டிகள் பெட்டியிலேயே கிடக்கும். படத்தில் வரும் பெண்களின் சம்மதமும் அவர்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும்.

நிகழ்த்துகலை என்றால் இன்னொரு சிக்கல். நிகழ்ச்சி முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, முழு மேடையும் தெரிய, தொடக்கம் முதல் முடிவுவரை வெட்டாமல் பதியச் சொல்லுங்கள். அழகான துண்டுக்காட்சிகளால் மதிப்பாய்வாளருக்குப் பயனில்லை. கோப்புகளைச் சொந்த வெப்சைட்டில் மட்டும் வைத்தால், டொமைன் காலாவதியாகும் நாளில் எல்லாம் போய்விடும். பல்கலைக்கழகக் களஞ்சியத்திலோ, செர்ன் என்ற ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனம் நடத்தும் ஜெனோடோ என்ற இணையக் களஞ்சியத்திலோ போட்டு, டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் வாங்கி, ஆய்வாளர்களுக்கான இலவச அடையாளக் கணக்கான ஆர்சிட்டோடு இணைக்க வேண்டும். மூன்று பேர் சேர்ந்து எடுத்த படமென்றால் யார் என்ன செய்தார்கள் என்பதைப் படப்பிடிப்பின்போதே எழுதி, மூவரும் கையொப்பமிட வேண்டும். நட்பு முறிந்தபின் அந்தக் காகிதம் கிடைக்காது.

திரும்பி வந்து இந்தியாவில் ஆசிரியர் வேலை தேடினால் கணக்கு வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில், இணைப் பேராசிரியர், பேராசிரியர் பணிக்குப் பார்க்கும் ஆய்வு மதிப்பெண்ணில், அரசுக்கோ பன்னாட்டு அமைப்புக்கோ கொடுத்த கொள்கை ஆவணத்துக்குப் பன்னாட்டு அளவில் 10, தேசிய அளவில் 7, மாநில அளவில் 4 மதிப்பெண். ஆகவே படத்திலிருந்து ஒரு பரிந்துரை அறிக்கையும் எழுதி அரசுத் துறைக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

சேர்க்கைக்கு முன் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். களஞ்சியம் பெரிய வீடியோ கோப்புகளை ஏற்குமா, படைப்பின் காப்புரிமை மாணவருக்கா நிறுவனத்துக்கா, இறுதிக் கண்காட்சிக்கான செலவை யார் ஏற்பார்கள், இதற்குமுன் இந்த வகையில் பட்டம் முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால், கட்டணம் கட்டுவதைத் தள்ளிப்போடுங்கள்.