மிஸ்டி நீந்தி வரவில்லை

வணக்கம் ஐயா,

என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி நூலகத்திலிருந்து மார்கரீட் ஹென்றி எழுதிய ‘மிஸ்டி ஆஃப் ஷிங்கட்டீக்’ என்ற ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து வந்தாள். அமெரிக்கத் தீவு ஒன்றில் பால், மாரீன் என்ற அண்ணனும் தங்கையும் ஒரு காட்டுக் குதிரையையும் அதன் குட்டியையும் வாங்கப் பாடுபடும் கதை. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தாள். குட்டி மிஸ்டி தண்ணீரில் தத்தளிக்கும் இடத்தை எனக்கு வாசித்தும் காட்டினாள்.

போன வாரம் அவளுடைய அத்தை பையன் இணையத்தில் தேடிப் பார்த்து, மிஸ்டி காட்டில் பிறக்கவே இல்லை, நீந்தி வரவும் இல்லை, பண்ணையில் பிறந்த குட்டி, எழுதிய அம்மாவே அதைக் காசு கொடுத்து வாங்கினார் என்று சொல்லிவிட்டான். ‘எல்லாம் நிஜம்னு முதல் பக்கத்துல போட்டிருக்காங்களே, அப்போ பொய்யா?’ என்று அழுதாள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். நீங்களும் குழந்தைகளுக்கு எழுதுகிறவர். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? (பெயர் வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டது சரியான கேள்வி. அதை முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். ‘கதைதானே, விடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று முறை படித்த பிள்ளைக்கு அந்தப் பதில் போதாது.

முதல் பக்கக் குறிப்பில் இருப்பது இதுதான். இந்தக் கதையில் வரும் சம்பவங்கள் எல்லாம் உண்மை, ஆனால் இதே வரிசையில் நடந்தவை அல்ல, ஏதோ ஒரு காலத்தில் அந்தச் சின்னத் தீவில் நடந்தவை. பெரியவர்கள் படித்தால் புரிந்துகொள்வோம். குட்டிகள் நீந்தியிருக்கின்றன, பிள்ளைகள் குதிரை பழக்கியிருக்கிறார்கள், அவற்றையெல்லாம் எடுத்து இந்தக் குட்டிக்கும் இந்தப் பிள்ளைகளுக்கும் நடந்ததாகக் கோத்திருக்கிறார் என்று. பத்து வயதுப் பிள்ளை அப்படிப் படிக்காது. மிஸ்டி நீந்தினாள் என்றால் மிஸ்டிதான் நீந்தினாள். ‘வரிசை மாறியிருக்கிறது’ என்று எழுதியவர் ‘ஆளும் மாறியிருக்கிறது’ என்று இன்னொரு வரி சேர்த்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஹென்றியை மிகவும் நேசிக்கிறேன், இருந்தும் இதைச் சொல்கிறேன்.

சரி, நிஜ மிஸ்டியின் கதையைச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு யாராவது முழுதாகச் சொல்லியிருந்தால் அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மிஸ்டி 1946ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தின் ஷிங்கட்டீக் தீவில், பீப் குடும்பத்தின் பண்ணையில் பிறந்தது. புத்தகத்தில் வரும் தாத்தா அந்தப் பண்ணையின் கிளாரன்ஸ் பீப்தான். பாலும் மாரீனும் அவருடைய நிஜப் பேரப்பிள்ளைகள். கதைக்காகத் தீவைப் பார்க்கப் போன ஹென்றி, அந்தக் குட்டியைக் கண்டதும் மனதைப் பறிகொடுத்து 150 டாலருக்கு வாங்கினார். பால்குடி மறந்த பிறகு அது இல்லினாய் மாநிலத்தில் வெய்ன் என்ற ஊரிலிருந்த அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதிய புத்தகம் 1947இல் வெளிவந்தது. படங்கள் வெஸ்லி டென்னிஸ் வரைந்தவை.

கதையில் அண்ணனும் தங்கையும் சிப்பி பொறுக்கி, குதிரை பழக்கி நூறு டாலர் சேர்க்கிறார்கள். கடைசியில் மிஸ்டி அவர்களிடமே தங்கிவிடுகிறது. நிஜத்தில் மிஸ்டி தீவைவிட்டுப் போனது. அதைக் கொண்டுபோனவர் கதையை எழுதியவரேதான். உங்கள் மகளை இதுதான் அதிகம் உறுத்தியிருக்கும். எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் அந்த வாழ்க்கை அதோடு முடியவில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஹென்றியின் வீட்டில் இருந்தது. பிள்ளைகள் பார்க்க வந்தார்கள், மிஸ்டியும் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போய்வந்தது. 1957இல் அதைக் குட்டி போட வேண்டி மறுபடியும் பீப் பண்ணைக்கே அனுப்பிவைத்தார். பிறந்த மண்ணிலேயே மூன்று குட்டிகள் போட்டது.

மூன்றாவது குட்டியின் கதை இருக்கிறதே, அதைக் கற்பனையாக எழுதியிருந்தால் எந்தப் பதிப்பாசிரியரும் நம்பமாட்டார் என்று வெட்டியிருப்பார். 1962 மார்ச்சில் அந்தக் கடற்கரையைப் பெரும்புயல் தாக்கியது. கடல் ஊருக்குள் வந்துவிட்டது. மிஸ்டி அப்போது நிறைசினை. பீப் குடும்பத்தார் அதை வீட்டுக்குள் கூட்டிவந்து சமையலறையில் நிறுத்தினார்கள். ஆமாம், சமையலறையில். அப்புறம் சில நாட்களில் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய், மேரிலாந்தில் ஒரு கால்நடை மருத்துவரின் இடத்தில் குட்டி பிறந்தது. பெயர் ஸ்டார்மி. அந்தப் புயலில் பக்கத்துத் தீவான அசட்டீக்கின் காட்டுக் குதிரைகள் நிறையச் செத்துப்போயின. முந்தைய வருடம் வந்த ‘மிஸ்டி’ திரைப்படத்தைத் திரையரங்குகளில் மறுபடி திரையிட்டு, தாயையும் குட்டியையும் அங்கே நேரிலேயே கொண்டுபோய் நிறுத்திப் பணம் திரட்டினார்கள். குதிரைக் கூட்டத்தை மீட்டெடுக்க அந்தப் பணம் உதவியது. நீந்தாத ஒரு குதிரை, நீந்துகிற குதிரைகளுக்காக ஊர் ஊராகப் போயிருக்கிறது. 1963இல் இதை ஹென்றி தனிப் புத்தகமாக எழுதினார்.

‘நீந்துகிற குதிரைகள்’ என்றதும் உங்கள் மகளுக்கு இன்னொரு சந்தேகம் வரலாம், அதுவும் கற்பனையா என்று. இல்லை, அது முழு நிஜம். ஷிங்கட்டீக்கில் ஊர் இருக்கிறது. கால்வாய்க்கு அப்பால் இருக்கும் அசட்டீக்கில் குதிரைகள் இருக்கின்றன. அந்தத் தீவின் வர்ஜீனியா பகுதியில் மேயும் கூட்டம் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் ஒரு புதன்கிழமை, கடலில் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் தண்ணீர் அசையாது நிற்கும் சிறிது நேரம் பார்த்து அவற்றை நீந்த வைக்கிறார்கள். மறுநாள் குட்டிகளை ஏலம் விடுகிறார்கள். ஊரில் பெரிய தீ விபத்துகள் நடந்த பிறகு, தீயணைப்பு வண்டிக்குப் பணம் சேர்க்க 1925இல் படையினர் இதை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். குதிரைகள் மேயும் அசட்டீக் சரணாலயத்தில் 150 பெரிய குதிரைகளுக்கு மேல் மேயக் கூடாது என்று அனுமதியிலேயே இருக்கிறது. அதனால் குட்டிகளை விற்றே ஆக வேண்டும். உப்புப் புல்லைத் தின்று தின்று இந்தக் குதிரைகள் தண்ணீரை மற்றக் குதிரைகளைவிட இரண்டு மடங்கு குடிக்கும், வயிறு உப்பியே இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். படங்களில் பார்த்துவிட்டு எல்லாமே சினையாக இருக்கின்றன என்று நினைத்திருப்பாள். நானும் நினைத்திருக்கிறேன்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். குழந்தைகளுக்கு எழுதுகிறவன் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

பல வருடங்களுக்கு முன் மலைப்பாதையில் சுமை தூக்கும் ஒரு மட்டக்குதிரையை வைத்துக் கதை எழுதினேன். அதில் குதிரை ராத்திரி மரத்தடியில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது என்று ஒரு வரி. ஒரு சிறுவன் கடிதம் எழுதினான். ‘குதிரை அசைபோடாது. மாடுதான் அசைபோடும். நீங்கள் குதிரையைப் பார்த்ததே இல்லையா?’ அவ்வளவுதான் கடிதம். அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான் குதிரையைப் பார்த்திருந்தேன், ஆனால் கவனித்ததில்லை. மாட்டை எழுதிவிட்டு மேலே குதிரை என்று பெயர் போட்டிருந்தேன்.

அப்புறம் கோடியக்கரைக்குப் போனேன். அங்கே சரணாலயத்துப் புல்வெளியில் வெளிமான்களோடு ஆள் வளர்ப்பில்லாத மட்டக்குதிரைகள் மேய்கின்றன, நம்மில் பலருக்குத் தெரியாது. இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுக்கும், அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. குதிரை மேலும் கீழும் உள்ள பற்களால் தரையை ஒட்டிக் கடித்து எடுக்கும். குட்டி தாயின் வாலடியில் நின்றுகொண்டே தூங்கும். பிறகு கதையைத் திருத்தி எழுதினேன். மாறியது அந்த ஒரு வரி மட்டுமல்ல, கதையே மாறியது.

அங்கிருந்து வந்த பிறகு மிஸ்டி புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஹென்றி எந்தக் குதிரையையும் பேச வைக்கவில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்பதற்காக எந்தக் குதிரையும் அவர்களிடம் அன்பாக ஓடிவரவில்லை. பழக்க நாளாகிறது. பழகிய பிறகும் பேந்தம் என்ற அந்தத் தாய்க்குதிரை கடற்கரையில் அசட்டீக்கையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. பாடுபட்டு வாங்கிய குதிரையைக் கடைசியில் பால் தன் கையாலேயே போகவிடுகிறான். பேந்தம் காட்டுக் குதிரை இல்லை, நிஜத்தில் அதுவும் பண்ணைக் குதிரைதான். ஆனால் போக விரும்பும் ஒரு பிராணியை என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதிலில் எந்தக் கலப்படமும் இல்லை. மிஸ்டி எங்கே பிறந்தது என்பதை மாற்றினார். குதிரை என்றால் என்ன என்பதை மாற்றவில்லை. நான் அதற்கு நேர்மாறாகச் செய்திருந்தேன்.

ஆறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வருடக்கணக்கில் பள்ளிக்கும் போகாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்த சிறுமி ஹென்றி. வெளியே ஓட முடியாத பிள்ளை ஓடுகிற ஒன்றை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. புத்தகம் ஸ்பானியக் கப்பல் ஒன்று கவிழ்ந்து குதிரைகள் கரையேறுவதில் தொடங்கும். அந்த அத்தை பையன் அடுத்து அதையும் கட்டுக்கதை என்பான். கப்பல் கவிழ்ந்ததற்கு ஆதாரம் இல்லைதான். ஆனால் ஹைட்டியில் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வாழ்ந்து கைவிட்ட புவெர்ட்டோ ரியல் என்ற ஊரில் தோண்டியெடுத்த ஒரு பல்லை புளோரிடா அருங்காட்சியகத்தில் ஆராய்ந்தார்கள். அதன் மரபணுவுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய சொந்தம் ஷிங்கட்டீக் குதிரைகள் என்று 2022இல் வெளியிட்டார்கள். கப்பல் கதையை அது நிரூபிக்கவில்லை, ஆனால் ஸ்பானியத் தொடர்புக்குப் பலம் சேர்க்கிறது. அந்தப் பல் அதுவரை மாட்டுப் பற்களோடு கிடந்தது. மாட்டுப் பல் என்றே நினைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அந்தச் சிறுவனின் கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

நம் ஊர்க் குதிரைகளைப் பற்றி இப்படி ஒரு புத்தகம் தமிழில் வர வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு. நானே எழுதலாம். ஆனால் இரண்டு நாள் பார்த்தது போதாது.

மிஸ்டி 1972இல் இறந்தது. அதன் உடலைப் பாடம் செய்து ஷிங்கட்டீக் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், பக்கத்திலேயே ஸ்டார்மியும். 1961இல் படம் திரையிட்டபோது ஊர்த் திரையரங்கின் வாசலில் ஈரச் சிமெண்டில் மிஸ்டியின் குளம்பைப் பதிய வைத்தார்கள். அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. அந்தத் தடத்தின் புகைப்படத்தைத் தேடி எடுத்து அவளிடம் காட்டுங்கள்.

பிறகு அந்தப் புத்தகத்தை நூலகத்திலிருந்து இன்னொரு முறை எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் பக்கக் குறிப்பை அவளே புதிதாக எழுதட்டும், எது நடந்தது, எது யாருக்கு நடந்தது என்று, ஒரு பிள்ளைக்குப் புரிகிற மாதிரி. தமிழிலேயே எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். அவளுக்கும் உங்களுக்கும் சம்மதம் என்றால் இதே இடத்தில் வெளியிடுகிறேன்.

அன்புடன்