“பாரமானது தாழும்” என்கிற பிள்ளைக்கு அடர்த்தியைப் புரியவைப்பது எப்படி?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட உள்ள ஒரு பாடசாலையில் தரம் 9 விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ‘அடர்த்தி = திணிவு ÷ கனவளவு’ என்று பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், கணக்கும் செய்கிறார்கள். ஆனால் எது மிதக்கும் என்று கேட்டால் “பாரமானது தாழும், பாரமில்லாதது மிதக்கும்” என்கிறார்கள். அப்படியென்றால் கப்பல் ஏன் மிதக்கிறது என்றால் முழிக்கிறார்கள். எங்களிடம் ஆய்வுகூடம் இல்லை, அளவுச்சாடிகூட இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளைகள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கல் தாழ்கிறது, சருகு மிதக்கிறது. அதனால் சூத்திரத்தை இன்னும் பத்துத் தரம் விளக்கினாலும் அந்த எண்ணம் அசையாது. அவர்கள் பொருளின் பாரத்தை மட்டும் பார்க்கிறார்கள். அதே அளவு இடத்தை நிரப்பும் தண்ணீர் எவ்வளவு பாரம் என்று யோசிப்பதில்லை. அந்த ஒப்பீட்டை அவர்கள் கையாலேயே செய்ய வைக்க வேண்டும். சூத்திரம் கடைசிப் பாடவேளைக்கு வந்தால் போதும்.

முதலில் அளவுச்சாடி. பக்கங்கள் நேராகவும் வழுவழுப்பாகவும் உள்ள 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் கழுத்தை வெட்டிவிடுங்கள். வெளியே ஒரு கடதாசிப் பட்டியை ஒட்டி, அடியின் வளைவு மறையும்வரை தண்ணீர் விட்டு, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறியுங்கள். பிறகு மருந்துக்கடையில் வாங்கிய 10 மில்லிலீற்றர் சிரிஞ்சால் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு 10 மில்லிலீற்றருக்கும் ஒரு கோடு. கோடுகளுக்கு இடையே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வரும். ஒன்றரை லீற்றர்ப் போத்தல் வேண்டாம். அகலம் கூடியதால் அதில் கோடுகள் நெருங்கி, வாசிப்பு பிழைக்கும். தராசு 1 கிராம் காட்டும் சமையலறை இலத்திரனியல் தராசாக இருக்கட்டும். கடைத் தராசு 5 கிராம் பிசகினாலும் கடைக்காரருக்குப் பெரிதில்லை. 55 மில்லிலீற்றர் முட்டைக்கு அந்தப் பிசகு விடையை 1.09இலிருந்து 1.00க்கு இறக்கிவிடும்.

முதல் பாடத்துக்கு மரத்துண்டுகள் போதும். நன்றாக வைரம் பாய்ந்த பாலைக் கட்டையில் தீப்பெட்டி அளவு துண்டொன்றும், காய்ந்த முள்முருங்கைக் கட்டையில் அதே அளவு துண்டொன்றும் சீவி எடுங்கள். தண்ணீரில் போடுமுன் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊகத்தைக் கொப்பியில் எழுத வேண்டும். இதை விடவே கூடாது. எழுதாத பிள்ளை, நடந்ததைப் பார்த்துவிட்டு “நானும் இதைத்தான் நினைத்தேன்” என்று சொல்லிவிடும், பழைய எண்ணம் அப்படியே இருக்கும். ‘மரம் என்றால் மிதக்கும்’ என்று எழுதியவர்களுக்குப் பாலைத்துண்டு தாழும்போது கேள்வி பிறக்கிறது. வைரம் பாயாத வெள்ளைமரம் கலந்த துண்டு மிதந்துவிடலாம், ஆகவே முதல்நாளே நீங்கள் போட்டுப் பார்த்துத் தெரிந்தெடுங்கள்.

கப்பலுக்கு வெறும் ரின்மீன் ரின் ஒன்று போதும். 425 கிராம் ரின்னை எடுத்து, விளிம்பின் கூர்மையை நன்றாகத் தட்டி மழுக்குங்கள். வெறும் ரின்னின் திணிவு பெரும்பாலும் 50 முதல் 60 கிராம். 55 என்று வைப்போம். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி அளந்தால் ஏறத்தாழ 430 மில்லிலீற்றர் கொள்ளும். தகரம் பிடிக்கும் இடம் 7 மில்லிலீற்றர்தான். ஆக, வாய்வரை அமிழும்போது ரின் 437 மில்லிலீற்றர் தண்ணீரை விலக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் திணிவு 437 கிராம். ரின்னின் 55 கிராமைக் கழித்தால் 382. இதைப் பிள்ளைகளே கணக்கிட்டு, “380 கிராம் மணல்வரை தாங்கும்” என்று பலகையில் எழுதட்டும்.

இனிச் செய்து பார்க்க வேண்டும். வெறும் ரின் சரிந்து விழும். அதனால் முதலில் 100 கிராம் மணல் போட்டு மட்டப்படுத்தி வாளியில் விடுங்கள். பிறகு 50, 50 கிராமாக, 300ஐத் தாண்டியதும் 10, 10 கிராமாகக் கூட்டுங்கள். ரின் பாதிக்குச் சற்று மேல் நிரம்பியதுமே தாழும். மணல் ஒரு பக்கம் ஒதுங்கினால் வாய் சரிந்து, கணக்குக்கு 20 கிராம் முன்னமே தண்ணீர் உள்ளே ஏறிவிடும். “கணக்குப் பிழை” என்று பிள்ளைகள் சொல்லும் இடம் இதுதான். சரிவைக் காட்டி மறுபடி செய்ய விடுங்கள். முடிவில் மணலைக் கொட்டி, வெறும் ரின்னைச் சரித்துத் தண்ணீர் நிரப்புங்கள். அதே 55 கிராம் ரின் நேரே அடிக்குப் போகும். தகரத்தோடு உள்ளிருந்த காற்றின் இடமும் சேர்ந்துதான் தண்ணீரை விலக்கியது, காற்று போனதும் தகரம் மட்டுமே மிஞ்சியது என்பதை இந்த இடத்தில் பிள்ளைகளே சொல்வார்கள். ஆக்கிமிடீசின் தத்துவம் (விலக்கப்பட்ட தண்ணீரின் நிறைக்குச் சமமான விசை பொருளை மேலே தள்ளும் என்பது) இதற்குப் பிறகு வந்தால்தான் ஒட்டும்.

மூன்றாவதாக முட்டையும் உப்பும். வன்னிப் பிள்ளைகளில் பலர் காலபோக (மாரிகால) விதைப்புக்கு முன் வீட்டில் விதைநெல்லைத் தெரிந்தெடுப்பதைப் பார்த்தவர்கள், ஆகையால் இதற்குத் தாராளமாக நேரம் கொடுக்கலாம். ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் முட்டையை வையுங்கள். படுத்துக் கிடந்தால் புதியது. நிமிர்ந்து நின்றால் பழையது, காற்றறை பெருத்துவிட்டது, அது வேண்டாம். பிறகு முட்டையை வெளியே எடுத்து, 25 கிராம் உப்பைப் போட்டு முழுதாகக் கரைத்து, மறுபடி வையுங்கள். இப்படியே கூட்டிக்கொண்டு போனால் 100 முதல் 130 கிராமுக்குள் முட்டை எழும்பும். ஆனையிறவுக் கல்லுப்பாக இருந்தால் இடித்துப் போடுங்கள். கரையாத உப்பு அடியில் தங்கினால் கீழ்த்தண்ணீர் மட்டும் அடர்ந்து, முட்டை நடுவில் தொங்கும். அதுவும் நல்ல காட்சிதான், ஆனால் அளவு பிழைத்துவிடும்.

150 கிராமில் கரைசலின் அடர்த்தி 1.09 அளவில் வரும், முட்டையின் மேற்பகுதி சிறு நாணயமளவு வெளியே தெரியும். அதில் ஒரு பிடி விதைநெல்லைப் போட்டுக் கிளறுங்கள். உமியில் ஒட்டிய காற்றுக் குமிழி நல்ல மணியையும் மிதக்க வைக்கும், கிளறினால் அது விலகும். வெறுந்தண்ணீரில் பதர் மட்டுமே மிதக்கும். உப்புநீரில் அரைகுறையாக நிரம்பிய மணியும் மேலே வரும். மிதந்த மணிகளில் ஒரு கைப்பிடியை உரித்து, முழுமணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரண்டிலும் உமி ஏறத்தாழ ஒரே அளவு, மிதந்த மணியின் உள்ளே அரிசி குறைவு. தாழ்ந்த நெல்லை விதைக்கப் போகிறீர்கள் என்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தரம் கழுவுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

விளங்கியதா என்று பார்க்கக் கணக்கு கொடுக்காதீர்கள், இரண்டு கேள்வி கேளுங்கள். பாலைத்துண்டைப் பாதியாக வெட்டினால் பாதி மிதக்குமா? “சின்னது, அதனால் மிதக்கும்” என்றால் பிள்ளை இன்னும் பாரத்தில்தான் நிற்கிறது. முதலில் முழுத்துண்டையும், வெட்டிய பிறகு இரண்டு பாதியையும் நிறுத்து, கனவளவை அளந்து, அடர்த்திகளை ஒப்பிடச் சொல்லுங்கள். இரணைமடுக் குளத்தின் ஆழத்தில் ரின் வாளியில் மிதப்பதைவிட உயர்ந்து மிதக்குமா? “ஓம்” என்றால், மணல் போட்ட ரின்னில் நீர்மட்டத்தை மார்க்கரால் கோடிட்டு, வாளியிலும் பிறகு பீப்பாயிலும் மிதக்க விடுங்கள். கோடு மாறாது. கெட்டிக்காரப் பிள்ளை கடல்நீரைப் பற்றிக் கேட்கும். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, ஆகவே 5 சென்ரிமீற்றர் அமிழ்ந்த ரின் முல்லைத்தீவுக் கடலில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடத்தான் உயரும், மெல்லிய கோடு போட்டால்தான் அது தெரியும்.